பீனிக்ஸ் பாலையில் நாயோடு முதல் நடை: எந்த டிரெயில்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றிக்கொண்டு, நாயைக் காரில் ஏற்றி, கேமல்பேக் மலை அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தப் பலகையைப் படித்தேன். நாய்களுக்கு அனுமதி இல்லை. அந்த மலையின் உச்சிக்கு எக்கோ கேன்யன், சோயா என்று இரண்டு பாதைகள். இரண்டிலும் இல்லை. பியஸ்டேவா பீக் உச்சிப் பாதையிலும் இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் பீனிக்ஸுக்குப் புதிதாக வருபவர்களிடம் எல்லோரும் முதலில் சொல்லும் மலைகள் இவைதான். வாலு (எங்கள் நாயின் பெயர், குணமும் அதேதான்) பின்சீட்டில் நின்று வாலாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு என்ன தெரியும், காரில் வந்ததே அவனுக்குத் திருவிழா.

அதற்கப்புறம் மூன்று குளிர்காலம் சுற்றியாயிற்று. இப்போது அலுவலகத்தில் யாராவது நாய் எடுத்து வளர்க்கத் தொடங்கினால், "எங்கே கூட்டிட்டுப் போகலாம்?" என்று என்னிடம் வருகிறார்கள். மலைநடைக்குப் புதியவர்கள், நாயும் புதிது. அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பீனிக்ஸைச் சுற்றி மூன்று இடம், வண்டி எடுத்துக்கொண்டு வெளியே போக இரண்டு இடம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் மற்றவர்களோடு ஒத்துப்போவதில்லை. டிரெயில் பட்டியல்கள் எல்லாம் தூரத்தையும் ஏற்றத்தையும் காட்சியையும் வைத்து "எளிது", "நடுத்தரம்" என்று பிரிக்கின்றன. அது ஷூ போட்டவர்களுக்கான கணக்கு. நாய் வெறுங்காலோடு வருகிறது. அதற்குத் தரை எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி: சுடுகிறதா, குத்துகிறதா, வழுக்குகிறதா? தூரம் அப்புறம்தான்.

சூட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்று இதமாக இருக்கும்போதே வெயில் பட்ட தாரும் பாறையும் பாதத்தைப் பொசுக்கும் அளவுக்குக் காய்ந்திருக்கும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு வினாடி தாக்குப்பிடிக்க முடியவில்லை என்றால் நாயை இறக்காதீர்கள். வெப்பம் 100 ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸைத் தொட்டுவிட்டால் பீனிக்ஸ் நகராட்சியின் டிரெயில்களில் நாய்க்குத் தடை. 2016-இல் வந்த விதி இது. மீறினால் அபராதம் மட்டுமல்ல, சிறை வரைக்கும் போகலாம். அதனால் பீனிக்ஸைச் சுற்றி நான் சொல்லும் மூன்று இடமும் நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும்தான். மே மாதத்தில் இதைப் படிக்கிறீர்கள் என்றால், கடைசியில் வரும் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா பற்றிய பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

பாப்பகோ பார்க், ஸ்காட்ஸ்டேல், சூப்பர்ஸ்டிஷன்

பாப்பகோ பார்க் ஊருக்கு நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் விலங்குக் காட்சிசாலை, இன்னொரு பக்கம் பாலைத் தாவரத் தோட்டம். சிவந்த மணற்பாறைக் குன்றில் பெரிய ஓட்டை ஒன்று, பெயரும் 'ஹோல் இன் தி ராக்' என்றே. கார் நிறுத்துமிடத்திலிருந்து பத்து நிமிட ஏற்றம். படிகள் உண்டு, கட்டணம் கிடையாது. கடைசிப் பகுதி மட்டும் பல காலடிகள் பட்டுத் தேய்ந்து வழவழப்பான பாறை. ஓட்டைக்கு முன்னால் தரை சட்டென்று சரிவதால், அங்கே லீஷை (நாயைப் பிடிக்கும் வாரை) சுருக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். முள் மிகக் குறைவு என்பது பெரிய நன்மை. பத்து நிமிடம் போதவில்லை என்றால் அதே பூங்காவில் குன்றுகளைச் சுற்றிச் சமதளப் பாதைகள் இருக்கின்றன. குறை என்றால் கூட்டம்தான். சனிக்கிழமை மாலை சூரியன் மறையும் நேரத்தில் அந்த ஓட்டைக்குள் கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாய்களைப் பார்த்தால் குரைக்கும் நாய் என்றால் காலையிலேயே போய்விடுங்கள்.

இந்தப் பூங்காவுக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இங்கே ஜெர்மானியக் கைதிகளுக்கான முகாம் இருந்தது. 1944 டிசம்பரில் 25 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அதில் மூன்று பேர் மடக்கிக் கொண்டுபோகக்கூடிய படகு ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். வரைபடத்தில் நீலக்கோடாக ஓடிய ஆற்றில் மிதந்து தெற்கே போய்விடலாம் என்பது திட்டம். போய்ப் பார்த்தால் ஆற்றில் தண்ணீரே இல்லை. நீங்களும் போனில் தெரியும் நீலக்கோட்டை நம்பி நாய்க்குத் தண்ணீர் எடுக்காமல் போகாதீர்கள். எனக்கு ஒரு லிட்டர் என்றால் வாலுவுக்கும் ஒரு லிட்டர், அதுதான் என் கணக்கு. பாதித் தண்ணீர் தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும்.

ஸ்காட்ஸ்டேலில் மெக்டவல் சொனோரன் காப்பகம் இருக்கிறது. 30,000 ஏக்கருக்கு மேல், அனுமதி இலவசம். அங்கே கேட்வே லூப் என்பது சுமார் நாலரை மைல், அதாவது ஏழு கிலோமீட்டர் சுற்று. மொத்த ஏற்றம் 200 மீட்டர். மூன்றில் தரை மிக நல்லது இதுதான். அகலமான பாதை, நொறுங்கிய கிரானைட் மண், பாதத்துக்கு உறுத்தாது. தொடங்கும் இடத்தில் கழிப்பறையும் குடிநீரும் உண்டு. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது இங்கேதான் கூட்டிப்போனேன். "பாலைவனம்னா மணல்தானேடா, இது என்ன தோப்பு மாதிரி இருக்கு?" என்றார். சரிதான். ஆள் உயரத்தைப் போல ஐந்தாறு மடங்கு நிமிர்ந்து நிற்கும் சகுவாரோ கள்ளி, அடிமரமே பச்சையாக இருக்கும் பாலோ வெர்டே மரம். வசந்தம் முற்றும்போது அந்த மரம் மஞ்சளாகப் பூத்துக் கொட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் கொன்றையோ என்று தோன்றும்.

ஆனால் முதல் நடைக்கு ஏழு கிலோமீட்டர் அதிகம். இது வட்டப் பாதை என்பதால் பாதியில் நாய் படுத்துவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே தூரம்தான். 30 கிலோ நாயைத் தோளில் சுமந்து வரும் ஆளை அங்கே பார்த்திருக்கிறேன். சைக்கிளும் குதிரையும் இதே பாதையில் வரும். குதிரை வந்தால் ஒதுங்கி நின்று நாயை உட்காரவைக்க வேண்டும். வாலுவுக்கு அது இன்னும் கைவரவில்லை. குதிரையைப் பெரிய நாய் என்று நினைக்கிறான்.

காட்சி மட்டும்தான் முக்கியம் என்றால் மூன்றாவது இடத்துக்குப் போட்டியே இல்லை. கிழக்கே அப்பாச்சி ஜங்ஷன் அருகே லாஸ்ட் டச்மேன் மாநிலப் பூங்கா, அதில் டிரெஷர் லூப். 2.4 மைல் சுற்று, 150 மீட்டர் ஏற்றம், வண்டிக்குக் கட்டணம் உண்டு. கண்ணுக்கு முன்னால் சூப்பர்ஸ்டிஷன் மலை கோட்டைச் சுவர் மாதிரி செங்குத்தாக எழுந்து நிற்கும். மாலை வெயில் பட்டதும் அந்தச் சுவர் செங்கல் நிறத்துக்கு மாறும். எங்கேயோ தங்கச் சுரங்கம் ஒளிந்திருக்கிறது என்ற கதையும் சேர்ந்துகொள்ளும். அந்த 'டச்மேன்' ஜேக்கப் வால்ட்ஸ் 1891-இல் இறந்த ஜெர்மானியர். இன்னமும் தேடுகிறார்கள்.

ஆனால் தரை கரடுமுரடு, கூடவே முள். இங்கேதான் வாலு மாட்டிக்கொண்டான். சோயா என்று ஒரு கள்ளி (ஸ்பானிய எழுத்துக்கூட்டல் வேறு, உச்சரிப்பு இதுதான், சோயா பீன்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). பார்க்கப் பஞ்சுப் பொம்மை மாதிரி இருப்பதால் ஒரு வகைக்கு டெடி பேர் சோயா என்றே பெயர். அதன் உருண்டைகள் கழன்று பாதையெங்கும் கிடக்கும். முள்ளின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத எதிர்ச்செதில்கள் இருப்பதால் உள்ளே போவது சுலபம், வெளியே வராது. வாலு முன்காலில் ஒன்றை மிதித்தான். வாயால் பிடுங்கப் பார்த்தான், அது உதட்டில் ஒட்டிக்கொண்டது. நான் விரலால் எடுக்கப் போய் என் கையிலும் ஏறியது. மூவரும், அதாவது நானும் நாயும் கள்ளியும், ஒரே முடிச்சாகத் தரையில் உட்கார்ந்திருந்தோம். எதிரே வந்த ஒரு பெரியவர் எதுவும் கேட்காமல் பையிலிருந்து சீப்பை எடுத்தார். உருண்டைக்கும் தோலுக்கும் நடுவில் பற்களை நுழைத்து, ஒரே சுண்டு. உருண்டை பறந்தது. மிச்ச முட்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க அரைமணி நேரம் ஆனது. அன்றிலிருந்து அகலப் பல் வைத்த சிக்கெடுக்கும் சீப்பு என் பையை விட்டு இறங்கியதில்லை. அங்கே இரண்டு அடிக்கு மேல் லீஷை விடுவதும் இல்லை.

பாம்பு, வேலி ஃபீவர் இரண்டும் மூன்று இடத்துக்கும் பொது. மார்ச்சிலிருந்தே ரேட்டில் ஸ்நேக் வெயில் காய வரும். அது விஷப்பாம்பு, நாய் புதருக்குள் மூக்கை விட்டால் இழுத்துவிடுங்கள். வேலி ஃபீவர் இந்த மண்ணில் இருக்கும் பூஞ்சையால் வருவது, நாய்க்கும் வரும். குழி தோண்டும் பழக்கத்தை ஊக்குவிக்காமல் இருப்பதே நல்லது.

வண்டி எடுத்துக்கொண்டு போவதென்றால்

அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் பொதுவாக நாய்க்கு ஆகாதவை. ஜோஷுவா ட்ரீயில் சாலையோரம், முகாம் தவிர நாயை நடத்த அநேகமாக இடமில்லை. டூசான் பக்கத்தில் இருக்கும் சகுவாரோ தேசியப் பூங்காவில் தார் போட்ட இரண்டு சிறு பாதைகள் மட்டும். விதிவிலக்கான பூங்காக்களில் இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, நியூ மெக்ஸிகோவின் ஒயிட் சாண்ட்ஸ். வெள்ளை மணல், அதுவும் சாதாரண மணலல்ல, ஜிப்சம். வெயிலில் அவ்வளவாகச் சூடேறாது, மனிதர்களே செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறார்கள். முள் இல்லை, கல் இல்லை. தரைக்கு மட்டும் மதிப்பெண் என்றால் நூற்றுக்கு நூறு. ஆனால் நிழலும் தண்ணீரும் அறவே இல்லை, எல்லா மேடும் ஒரே மாதிரி இருப்பதால் வழி தப்புவது சுலபம். ஒரு மைல் நீளமுள்ள டியூன் லைஃப் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆல்கலி ஃபிளாட் பாதையில் ஆட்கள் வெப்பத்தில் இறந்திருக்கிறார்கள். பக்கத்து ராணுவத் தளத்தில் ஏவுகணைச் சோதனை என்றால் சாலையையே சில மணிநேரம் மூடிவிடுவார்கள், அதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பீனிக்ஸிலிருந்து ஆறு மணிநேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும் என்பதால் நான் ஒருமுறைதான் போயிருக்கிறேன்.

இன்னொன்று பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட், அரிசோனாவிலேயே ஹோல்புரூக் என்ற ஊர்ப் பக்கம். என் முழு ஓட்டும் இதற்குத்தான். கட்டடங்களுக்குள் தவிர எல்லா டிரெயிலிலும் லீஷ் போட்ட நாய்க்கு அனுமதி. கிட்டத்தட்ட 1,650 மீட்டர் உயரம் என்பதால் பீனிக்ஸ் கொதிக்கும் மாதங்களிலும் இங்கே விடியற்காலை தாங்கும். கிரிஸ்டல் ஃபாரஸ்ட் முக்கால் மைல், தார்ப்பாதை. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் விழுந்த மரங்கள் குவார்ட்ஸ் கல்லாக மாறி, அறுத்துப் போட்ட கட்டைகள் மாதிரியே கிடக்கும். மரப்பட்டை எது, கல் எது என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். வாலுவும் மரம் என்றே நம்பி ஒவ்வொன்றிடமும் காலைத் தூக்கப் பார்த்தான், இழுத்து இழுத்துக் கை வலித்ததுதான் மிச்சம். புளூ மேசா ஒரு மைல் சுற்று. நீலமும் சாம்பலும் ஊதாவுமாகக் கோடு போட்ட களிமண் குன்றுகளுக்கு நடுவே இறங்கிப் போகும். இறக்கம் கொஞ்சம் செங்குத்து, மழை பெய்திருந்தால் அந்தக் களிமண் சோப்பு மாதிரி வழுக்கும். தார்ப் பகுதிகளில் நண்பகலில் அந்த ஏழு வினாடிச் சோதனை கட்டாயம். கல் துண்டு ஒன்றுகூட எடுக்கக் கூடாது. எடுத்துப் போனவர்கள் பிறகு மனது உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்பிய கற்கள் அங்கே ஒரு குவியலாகவே கிடக்கின்றன.

போன வாரம் கேட்டவருடைய நாய் ஒன்பது வயது பீகிள், கொஞ்சம் குண்டு. அவரை பாப்பகோவுக்கு அனுப்பினேன், சமதளப் பாதையில் ஒரு சுற்று மட்டும், காலை ஏழு மணிக்கு. "ஓட்டைக்கு ஏறலாமா?" என்று அங்கிருந்தே போன் செய்தார். நாக்கு எவ்வளவு தொங்குகிறது என்று கேட்டேன். ஏற வேண்டாம் என்று அவரே சொல்லிக்கொண்டு போனை வைத்துவிட்டார்.