அப்பத்தாவின் தண்டட்டியைக் காணோம்

பழைய போட்டோவைப் பெரிதாக்கி ஃப்ரேம் போடக் கொடுக்கப் போகிறவர்கள், கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 2,800 ரூபாய் போனது. அதைச் சம்பாதித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு பிரதியாக இருந்த படத்தின் மூலையில் ஸ்டேப்ளர் பின் குத்தி இரண்டு ஓட்டை விழுந்திருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

எங்கள் அப்பத்தாவுக்கு இருப்பது அந்த ஒரு படம்தான். 1960களில் மதுரையில் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளை. மூன்றுக்கு நான்கு இன்ச். தோளைத் தொடுகிற காது, அதில் கனத்துத் தொங்கும் தண்டட்டி, கேமராக்காரனை நம்பாத ஒரு பார்வை. அப்பா அதைப் பழைய டிரங்குப் பெட்டியில் நிலப் பத்திரங்களோடு வைத்திருந்தார். புது வீட்டுப் பால்காய்ப்புக்கு முன் ஹாலில் பெரிதாக மாட்டிவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

கடை பெரிய கடை. ஏசி, கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்கக் கல்யாண ஆல்பம். கவுன்டரில் இருந்தவர் படத்தை வாங்கிப் பார்த்ததுமே, "பன்னெண்டுக்குப் பதினெட்டுல போட்டுருவோம்ணே. ஹெச்டி பிரிண்ட், 300 டிபிஐ, ஏஐ வச்சு முகத்தை பளிச்சுனு கொண்டு வந்துரலாம்" என்றார். 300 என்ற எண்ணை எங்கோ கேட்டிருந்ததால் எனக்கும் திருப்தி. ஒரு துண்டுச்சீட்டில் "12x18 ஹெச்டி, 2800" என்று எழுதி, அந்தச் சீட்டைப் படத்தோடு சேர்த்து வைத்தார். எப்படிச் சேர்த்தார் என்று நான் அப்போது கவனிக்கவில்லை. முழுப்பணமும் அங்கேயே கொடுத்துவிட்டேன். முதல் முட்டாள்தனம் அது.

நான்கு நாளில் ஃப்ரேம் வந்தது. பால்காய்ப்புக்கு முதல் நாள் சாயங்காலம். அவசரத்தில் பேப்பரைப் பிரித்து ஆணியில் மாட்டி, மாலையும் போட்டாயிற்று. தூரத்தில் இருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி வந்த அத்தை கிட்டே போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். "எங்கம்மா காது எங்கடா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். தண்டட்டி இல்லை. தொங்கும் காதும் இல்லை. அந்த இடத்தில் பழைய சினிமாக் கதாநாயகி மாதிரி சுருள்முடி இரண்டு கற்றை இறங்கியிருந்தது. முகம் நீண்டிருந்தது. தோலில் ஒரு சுருக்கம் இல்லை, கண்ணில் பளபளப்பு. அப்பத்தா வயக்காட்டில் களையெடுத்தவர். படத்தில் இருந்தவர் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து செய்தி வாசிப்பவர். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுவாரம் கடைக்குப் போனேன். "நீங்க குடுத்த படமே அவ்வளவுதாண்ணே. பழசு. அதுல இருந்து இந்தளவு எடுத்ததே பெருசு" என்றார். கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்து காட்டினார். 3,600க்கு 5,400 பிக்சல் (படத்தை உண்டாக்கும் குட்டிப் புள்ளிகள்), 300 டிபிஐ. "பாருங்க, சொன்னது சொன்னபடி இருக்கா?" சொன்னபடிதான் இருந்தது. எனக்கு வாயடைத்துவிட்டது. கடைசியில் ஒரு வேலை செய்தேன், அது மட்டும் புத்திசாலித்தனம்: பிரிண்டுக்குப் போன ஃபைலையும், அதற்கு முன்னால் அவர்கள் எடுத்த முதல் ஃபைலையும் பென்டிரைவில் போடச் சொன்னேன். டிசைனர் பையன் வெள்ளந்தியாகப் போட்டுக் கொடுத்துவிட்டான்.

வீட்டில் திறந்து பார்த்தால் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. முதல் ஃபைலின் பெயரிலேயே தேதிக்குப் பிறகு 'டபிள்யூஏ' என்று இருந்தது. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸப் வழியாக வந்த படம் அப்படித்தான் சேமிப்பாகும். அதாவது ஸ்கேன் செய்யவே இல்லை. கவுன்டர்காரர் மேஜைமேல் வைத்துப் போனில் ஒரு கிளிக் அடித்து, டிசைனருக்கு வாட்ஸப்பில் தட்டிவிட்டிருக்கிறார். அளவு 1,200க்கு 1,600 பிக்சல். அதிலும் பாதி இடம் மேஜை. ஓரத்தில் அந்தத் துண்டுச்சீட்டு, அதைப் படத்தோடு கோத்த ஸ்டேப்ளர் பின், எல்லாம் தெரிகிறது. நெற்றியில் டியூப்லைட் வெளிச்சம் பட்டையாக விழுந்திருக்கிறது. அப்பத்தா படம் மட்டும் பிடித்திருந்த இடத்தை அளந்தால் 780க்கு 1,040 பிக்சல்.

780 பிக்சலை 12 இன்ச் அகலத்துக்குப் பரப்பினால் இன்ச்சுக்கு 65. வாக்களித்தது 300.

பிறகு அந்த 3,600க்கு 5,400 எங்கிருந்து வந்தது? இதில்தான் சூட்சுமம். 300 டிபிஐ என்பது படத்தின் குணம் இல்லை. பேப்பரில் ஒரு இன்ச்சுக்குள் எத்தனை பிக்சலை அடுக்குகிறோம் என்ற கணக்கு. எந்தப் படத்தையும் ஃபோட்டோஷாப்பில் திறந்து அந்தக் கட்டத்தில் 300 என்று தட்டலாம், தட்டுகிறவன் கையை யாரும் பிடிக்கப்போவதில்லை. ஒரு படி அரிசியில் பத்துப் பேருக்குச் சோறு ஆக்கலாம். நூறு பேர் என்றால் அதே அரிசியில் கஞ்சிதான். அண்டா நிறைந்திருக்கிறதே என்று கடைக்காரர் காட்டினார், நிறைந்திருந்தது தண்ணீர். இல்லாத பிக்சலை மென்பொருள் பக்கத்துப் பிக்சலைப் பார்த்து ஊகித்து நிரப்பும். சாதாரணமாக நிரப்பினால் படம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். ஏஐ விட்டால், தான் பார்த்த ஆயிரக்கணக்கான முகங்களை வைத்து இதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு முகத்தை வரைந்துவிடும். அது பார்த்த முகங்களில் தண்டட்டி போட்ட காது எத்தனை இருந்திருக்கும்? முடி என்று முடிவுகட்டிவிட்டது.

முகம் நீண்டதற்குக் காரணம் வேறு. மூன்றுக்கு நான்கு படத்தை 12 இன்ச் அகலத்துக்குப் பெரிதாக்கினால் உயரம் 16 தான் வரும். கடையில் தயாராக இருந்த ஃப்ரேம் 18. மிச்சம் இரண்டு இன்ச்சுக்கு மேலும் கீழும் வெள்ளை விட்டிருக்கலாம், அல்லது பக்கவாட்டில் கொஞ்சம் வெட்டியிருக்கலாம். இவர்கள் படத்தைப் பிடித்து மேல்நோக்கி இழுத்துவிட்டார்கள். எட்டில் ஒரு பங்கு அதிக உயரம். கட்டடத்தை அப்படி இழுத்தால் யாருக்கும் தெரியாது. பெற்ற தாயின் முகத்தை இழுத்தால் மகளுக்குத் தெரியும்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னபோது கடைக்காரர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்: "ஃப்ளெக்ஸெல்லாம் இதைவிடக் கம்மியிலதாண்ணே அடிக்கிறோம்." உண்மைதான். ஃப்ளெக்ஸை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம், அங்கே குறைந்த பிக்சல் போதும். ஒரு அடி தூரத்தில் வைத்துப் பார்க்கும் படத்துக்குத்தான் 300 வேண்டும். அதற்குமேல் நெருக்கமான புள்ளிகளை அந்தத் தூரத்தில் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. ஹால் படத்துக்கு 200 இருந்தாலும் நான் சண்டைக்குப் போயிருக்க மாட்டேன். 65க்கு என்ன சொல்ல?

பணம் திரும்பவில்லை. அடுத்த ஆர்டரில் 500 குறைப்பதாகச் சொன்னார், பெரிய மனது. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசச் சொன்னான் அக்கா மகன். பேசுவதற்கு என் கையில் பில் இல்லை. ஜிஎஸ்டி எண்ணோ கடைப் பெயரோ இல்லாத அந்தத் துண்டுச்சீட்டுதான், அதிலும் இரண்டு ஓட்டை. அதனால் என்ன வேலை, எந்த அளவு, ஸ்கேன் உண்டா என்று எழுதிய பில் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பிறகு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய ஸ்டூடியோவில் விசாரித்துப் போனேன். வயதானவர், மூடி திறந்து படுக்கவைக்கிற பழைய ஸ்கேனர் ஒன்று வைத்திருந்தார். படத்தை ஓரத்தில் மட்டும் பிடித்து வாங்கி, தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, 1,200 டிபிஐயில் ஸ்கேன் போட்டார். மூன்றுக்கு நான்கு இன்ச், 1,200 என்றால் 3,600க்கு 4,800 பிக்சல். பன்னிரண்டுக்குப் பதினாறில் பிரிண்ட் போட்டால் கச்சிதமாக இன்ச்சுக்கு 300. "இதுக்கு மேல ஏத்தி ஸ்கேன் பண்ணா பேப்பரோட நாருதான் தம்பி தெரியும், மூஞ்சி தெரியாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே காசு கொடுக்கலாம். கீறலையும் புள்ளியையும் கையாலேயே டச்சப் செய்தார், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. தண்டட்டி கிட்டே வந்ததும் நிறுத்தி, "எங்காத்தாவும் போட்டிருந்துச்சு" என்றார். 18 இன்ச் ஃப்ரேம் வீணாகாமல் மேலும் கீழும் ஒவ்வொரு இன்ச் வெள்ளை விட்டார். ஸ்கேன், டச்சப், பிரிண்ட் சேர்த்து 1,400.

போன் படங்களைப் பிரிண்டுக்குக் கொடுப்பவர்களுக்கும் இதே கணக்குதான். 12 மெகாபிக்சல் போனில் எடுத்தது 4,000க்கு 3,000; பத்துக்குப் பதிமூன்று இன்ச் வரை தாராளமாகப் போடலாம். அதையே வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளம் 1,600 ஆகச் சுருங்கும். நாலுக்கு ஐந்தேகால் இன்ச்சோடு முடிந்தது. டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொண்டுபோங்கள். குடும்பப் படம் என்றால் இன்னொன்று: போன் படம் நாலுக்கு மூன்று, ஆறுக்கு நாலு பேப்பரில் அது முழுசாக உட்காராது, மேலோ கீழோ அரை இன்ச் போகும். எங்கள் சித்தப்பா வீட்டில் பின்வரிசையில் நின்ற மாமா ஒருவர் இப்படித்தான் தலையில்லாமல் நிற்கிறார்.

முதல் படம் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. எடைக்குப் போட்டுவிடலாம் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"யாரோ ஒரு பொம்பள. மாலை போட்டாச்சு, இனி எப்படிப்பா தூக்கிப் போடுறது?"