எச்.டி. (உயர் அழுத்த மின்) பேனல் வைத்திருக்கும் மில்காரர்கள் கவனத்துக்கு: 4,85,000 ரூபாய் போச்சு

எங்கள் மில் பிரேக்கரில் மின்சாரத்தைத் துண்டிக்கிற வாக்குவம் பாட்டில் மூன்றும் போய்விட்டது என்று சொல்லி ஒரு சர்வீஸ் கம்பெனிக்காரர்கள் எங்களிடம் 4,85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். பாட்டிலில் கோளாறே இல்லை. போன வாரம் விடியற்காலை அதே பேனல், அதே ஆர் ஃபேஸ், அதே இடத்தில் மறுபடியும் வெடித்தது. மின்கேபிள் பேனலில் சேருகிற கேபிள் பாக்ஸின் பின்மூடி பிய்த்துக்கொண்டு சுவரில் போய் அடித்தது. நைட் ஷிப்ட் எலக்ட்ரீஷியன் தம்பி சற்று முன்புதான் அங்கிருந்து டீ குடிக்க நகர்ந்திருக்கிறான். அவனுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைகள். பணம் போனதைவிட இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

பல்லடம் பக்கம் அண்ணன் தம்பி சேர்ந்து நடத்துகிற சின்ன நூற்பாலை எங்களுடையது. 22 கேவி சப்ளை, இன்கமிங்கில் ஒரு விசிபி, அதாவது வாக்குவம் பிரேக்கர். மழை பிடித்ததிலிருந்து பேனலுக்குப் பின்னால் சர்ர்ரென்று ஒரு சத்தம், கிட்டே போனால் மூக்கில் ஏறுகிற ஓசோன் நெடி. ஒரு ராத்திரி பளீரென்று வெளிச்சம் அடித்து டிரிப் ஆனது. கோளாறைக் கண்டுபிடிக்கிற ரிலேயில் எர்த் ஃபால்ட் (மின்சாரம் தரைக்குப் பாய்வது) என்று பதிவாகியிருந்தது.

தொழிற்சாலைகளுக்கு மெஷினும் சர்வீஸும் விலை விசாரித்துக் கொடுக்கிற ஒரு ஆன்லைன் தளத்தில் தேவையைப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. ‘வெரிஃபைடு’ முத்திரை, ஐந்து நட்சத்திரம் எல்லாம் இருந்த சர்வீஸ் கம்பெனி.

வந்த இன்ஜினியரை நான் நம்பிய இடத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களையும் அங்கேதான் பிடிப்பார்கள். லைன் கிளியர் (சப்ளை நிறுத்தியாச்சு என்கிற மின்வாரிய அனுமதி) கையில் வரும்வரை ஆள் பேனலைத் தொடவில்லை. அவரே டிடெக்டர் வைத்து சப்ளை இல்லை என்று பார்த்தார், மிச்ச மின்சாரத்தைத் தரைக்கு இறக்குகிற டிஸ்சார்ஜ் ராடு போட்டார், மூன்று ஃபேஸையும் எர்த் பண்ணினார். கிளவுஸ் இல்லாமல் கிட்டே வந்த எங்கள் பையனைத் திட்டி வெளியே அனுப்பினார். பாதுகாப்பில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிற ஆள் வேலையிலும் சுத்தமாகத்தான் இருப்பார் என்று நானும் அண்ணனும் பேசிக்கொண்டோம்.

இன்சுலேஷனை அளக்கிற 5 கேவி மெக்கரை வைத்துப் பார்த்துவிட்டு, “மூணு பாட்டிலும் லீக்குங்க சார்” என்றார். கேபிள் பாக்ஸுக்குள் இருந்த கரியைக் காட்டி, அப்படியென்றால் இது எப்படி என்று கேட்டேன். “பாட்டில் லீக் ஆனா ஆர்க் வெளிய வந்து இங்க அடிக்குங்க. மாத்திட்டா ஒரு வருஷம் எங்க பொறுப்பு” என்றார். முழுத் தொகையும் முன்பணம். 4,85,000 ரூபாய் அனுப்பினோம். பாட்டிலை மாற்றினார்கள், பழையதை ‘பை-பேக்’ என்று வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள், ரிப்போர்ட் கொடுத்தார்கள், போனார்கள்.

மறுபடி வெடித்த பிறகு மின்வாரியத்தில் எம்.ஆர்.டி. (மீட்டர், ரிலே சோதனை) பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைக் கூட்டி வந்தோம். அவர் முதலில் கேட்டதே, “வெடிச்சப்ப பிரேக்கர் ஆன்ல இருந்துச்சா, ஆஃப்லயா?” ஆன். “ஆன்ல இருக்கறப்ப பாட்டிலுக்குள்ள காண்டாக்ட் ரெண்டும் ஒட்டித்தானே இருக்கும்? அதுக்கு நடுவுல வோல்டேஜே இல்லையே தம்பி. அது எப்படி எர்த்துக்கு அடிக்கும்?” என்றார்.

பிறகு கேபிள் முனையைப் பிரித்துக் காட்டினார். எக்ஸ்எல்பிஈ (பிளாஸ்டிக் இன்சுலேஷன்) கேபிளில், இன்சுலேஷன் மேல் இருக்கிற அரைக்கடத்தி உறையான செமிகான் லேயரை வெட்டி நிறுத்துகிற விளிம்பில்தான் மின்புலம் குவியும். அதைப் பரவலாக்கத்தான் சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் கிட்டில் ஸ்ட்ரெஸ் கன்ட்ரோல் ட்யூப் இருக்கிறது. எங்கள் ஆர் ஃபேஸில் அந்த ட்யூப் விளிம்பை மூடவே இல்லை, நடுவில் காற்று இடைவெளி. அதில் பார்ஷியல் டிஸ்சார்ஜ் (சின்னச் சின்ன மின்பொறி) நடந்து நடந்து இன்சுலேஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. வெள்ளைப் பொடி, மரக்கிளை போல ஓடிய கருப்புத் தடம், செம்பில் பச்சை எல்லாம் அதன் அடையாளம் என்றார். பேனலுக்குள் ஈரம் சேராமல் சூடு கொடுக்கிற ஸ்பேஸ் ஹீட்டர் எரிந்து போயிருந்ததால் விடியற்காலையில் உள்ளே பனி கோத்து, படிந்த பஞ்சுத் தூசியும் ஈரமாகி வழிவிட்டிருக்கிறது. சில நூறு ரூபாய் ஹீட்டர், கேபிள் முனைக்கு ஒரு டெர்மினேஷன் கிட், கேபிள் வேலை தெரிந்த ஒரு நல்ல ஜாயின்டர். இதற்குத்தான் 4,85,000 ரூபாய்.

கம்பெனி கொடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பெரியவருக்கே கோபம் வந்துவிட்டது. மூன்று ஃபேஸுக்கும் ஒரே மெக்கர் ரீடிங், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அதே எண். அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்க்கிற சோதனைக்கு ‘ஹைபாட் 50 கேவி, ஒரு நிமிடம், ஓகே’ என்று எழுதியிருக்கிறார்கள். அது 24 கேவி வகுப்பு பேனலுக்குத் தொழிற்சாலையில் கொடுக்கிற அளவு. சைட்டில் வழக்கமாக அதில் 80 சதவீதம், அதாவது 40 கேவிதான் கொடுப்பார்களாம். அதைவிடப் பெரிய பொய், ஹைபாட் கருவியே எங்கள் மில்லுக்குள் வரவில்லை. 5 கேவி மெக்கரால் வாக்குவம் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கவே முடியாது. மாட்டிவிட்டுப் போன பாட்டில்களின் சீரியல் நம்பரும் தேய்க்கப்பட்டிருக்கிறது. எங்களுடைய நல்ல பாட்டில்கள் இப்போது யார் பேனலில் இருக்கிறதோ.

கம்பெனிக்குப் போன் பண்ணினால் முதலில் “சைட்ல இருக்கேன் சார், கூப்பிடறேன்”. அடுத்து “ஹியுமிடிட்டிங்க சார், அது கஸ்டமர் ஸ்கோப்”, அதாவது ஈரப்பதம் எங்கள் பொறுப்பாம். அதற்கும் அடுத்து, வெளியாள் பேனலைத் திறந்ததால் வாரண்டி செல்லாதாம். இப்போது என் நம்பரை எடுப்பதே இல்லை. அந்தத் தளத்தில் புகார் கொடுத்தால், “நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பவர்கள் மட்டுமே” என்று ஒரு வரி பதில், டிக்கெட் மூடப்பட்டது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றால், வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது, சிவில் வழக்குதான் என்கிறார் வக்கீல். பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று மட்டும் இருக்கிறது, பாட்டிலின் நம்பர் இல்லை. மில் நின்றாலும் மாதாமாதம் கட்டுகிற டிமாண்ட் சார்ஜ் (நிலைக் கட்டணம்) நிற்காது, அது தனி.

செய்ய வேண்டியதை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில: பழைய பாட்டிலை யாருக்கும் கொடுக்காதீர்கள். புதியதன் சீரியல் நம்பர் பில்லில் இல்லாமல் பணம் தராதீர்கள். ஹைபாட் நடக்கும்போது கூடவே நில்லுங்கள், போட்டோ எடுங்கள். மழைக்கு முன் ஸ்பேஸ் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பேனல் இரைந்தால் லைன் கிளியர் வாங்கி நிறுத்துங்கள், பின்பக்கம் ஆளை அனுப்பாதீர்கள்.

இதே மாதிரி ‘பாட்டில் லீக்’ என்று உங்களிடமும் வாங்கியிருந்தால் அந்த பில்லையும் ரிப்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள். எனக்கு எழுதுங்கள், வழக்குக்கு வேண்டும்.