400 மெகாஹெர்ட்ஸ் என்எம்ஆரோடு 11 வருடம்

என்எம்ஆர் என்பது, காந்தப் புலத்தில் வைத்த மாதிரியின் அணுக்கருக்கள் தரும் ரேடியோ சிக்னலை வைத்து மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிக்கும் கருவி. இதில் காந்தத்தைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுவார்கள். 11 வருடத்தில் எனக்கு மிகக் குறைவாகத் தொல்லை கொடுத்தது அதுதான். கடுங்குளிரில் மின்தடையே இல்லாத மீக்கடத்திச் சுருளால் ஆன 9.4 டெஸ்லா காந்தம். நிறுவியபோது ஒருமுறை மின்னோட்டம் ஏற்றினார்கள், அதோடு சரி. அந்தக் குளிர் குறையாமல் இருக்கத் தீனி மட்டும் தவறக்கூடாது. வாரம் ஒருமுறை திரவ நைட்ரஜன், சில மாதங்களுக்கு ஒருமுறை திரவ ஹீலியம். ஹீலியத்தின் கொதிநிலை 4.2 கெல்வின். ஊற்றும் குழாயைக் குளிரவைக்காமல் நுழைத்தால், உள்ளே இருப்பதும் சேர்ந்து ஆவியாகும். முதல் வருடம் அந்தத் தப்பை நானே செய்தேன்.

படுத்துவது ப்ரோப், அதாவது மாதிரியிலிருந்து சிக்னலை வாங்கும் பாகம். ஒருநாள் சாயங்காலம், மாதிரிக் கரைசல் ஊற்றிய, நூலிழை விரிசல் விட்ட 5 மில்லிமீட்டர் கண்ணாடி டியூபை ஒரு மாணவர் அவசரத்தில் இறக்கிவிட்டார். காந்தப் புலம் நகராமல் பார்த்துக்கொள்ள உதவும் லாக் சிக்னல் ஆடியது, அப்புறம் காணாமலே போனது. ப்ரோபைக் கழற்றினால் கண்ணாடித் தூளும் குளோரோஃபார்ம் வாடையும். டியூப் விலை எங்கே, ப்ரோப் பழுதுபார்க்கும் செலவு எங்கே! இப்போதெல்லாம் டியூபை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்த பிறகுதான் இறக்க விடுகிறேன்.

ஷிம் (காந்தப் புலத்தைச் சீராக்குவது) வரவில்லை என்று புகார் சொல்பவர்களிடம் முதலில் டியூபைத்தான் கேட்பேன். கரைசல் 2 சென்டிமீட்டர்கூட இருக்காது, இல்லையென்றால் கரையாத துகள் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். வடிகட்டி, 0.6 மில்லிலிட்டர் ஊற்றிக் கொண்டுவந்தால், வரைபடத்தில் 7.26 பிபிஎம்மில் (சிக்னலின் இடத்தைக் குறிக்கும் அலகு) குளோரோஃபார்ம் சிக்னல் ஊசி மாதிரி நிற்கும். கருவி அதேதான்!

உண்மையான குறை கார்பனில். என்எம்ஆரில் சிக்னல் தரும் கார்பன்-13, இயற்கைக் கார்பனில் 1.1 சதவீதம்தான். புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அளவீடு, இரண்டு நிமிடத்தில் முடியும். மாதிரி கொஞ்சமாக இருந்தால் கார்பனுக்கு ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டும். இரைச்சலை விட்டுச் சிக்னல் இரண்டு மடங்கு தெளிவாக வேண்டுமென்றால் ஸ்கேன் நான்கு மடங்கு. புதிதாக வாங்குபவர்கள் கேட்டால், பெரிய காந்தத்துக்குப் போவதற்கு முன் நல்ல ப்ரோபுக்குப் பணம் ஒதுக்குங்கள் என்பேன்.

மேசை மேல் வைக்கும் 60 மெகாஹெர்ட்ஸ் கருவியையும் பயன்படுத்தியிருக்கிறேன். ஹீலியம் வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி. வினை முடிந்ததா என்று பார்க்கப் போதும். ஆனால் 1 முதல் 2 பிபிஎம்முக்குள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே மேடாகிவிடும். ஸ்டீராய்டு மாதிரி மூலக்கூறுகளை அதில் வைத்துப் பிரிக்க முடியாது.

நம் கருவிக்குத் திங்கட்கிழமை ஹீலியம் வருகிறது. குழாயைக் குளிரவைக்கும்போது கூட நிற்க ஓர் ஆள் தேட வேண்டும்.