குதிகால் நாண் வலிக்கு ஹீல் லிஃப்ட்: கொடைக்கானல் ஏற்றத்தில் எது தாங்கும்?

குதிகால் வலி என்று மருந்துக்கடையில் கேட்டால் பெரும்பாலும் கொழகொழப்பான சிலிக்கான் ஹீல் பேடைத்தான் எடுத்துத் தருவார்கள். பாதத்தின் அடியில் வலித்தால் அது சரி. வலி குதிகாலுக்குப் பின்னால், கெண்டைக்காலை எலும்போடு சேர்க்கும் அக்கிலிஸ் நாணில் இருந்தால் போதாது. ஏரியிலிருந்து ஏழு ரோடு சந்திப்புக்கு ஏறும்போது கணுக்கால் மடங்க மடங்க நாண் இழுபடும். சிலிக்கான் உடம்பு எடையில் அமுங்கிப்போவதால் அந்த இழுவை குறையாது.

கேட்டு வாங்க வேண்டியது கெட்டியான ஈ.வி.ஏ. (ஷூ அடிப்பாகத்துக்குப் போடும் நுரைப்பொருள்) லிஃப்ட், அதாவது குதிகாலை உயர்த்தும் ஆப்பு. பின்னால் 10 முதல் 12 மி.மீ. உயரம், முன்னால் சரிந்து ஒன்றுமில்லாமல் முடிய வேண்டும். ஒரு காலில்தான் வலி என்றாலும் இரண்டு ஷூவிலும் போடுங்கள். இல்லாவிட்டால் இடுப்பு வலி வரலாம். ஷூவின் உள் அட்டையைத் தூக்கி அதன் அடியில் வைத்தால் நகராது. நடக்கும்போது குதிகால் வெளியே வந்தால் ஷூ ஆழம் போதவில்லை என்று அர்த்தம். செருப்பில் இது நிற்கவே நிற்காது. எலும்போடு நாண் ஒட்டும் இடத்தில் புடைப்பு இருந்தால், ஷூவின் பின்விளிம்பு உரசியே வலி கூடும். பின்பக்கம் மெத்தென்ற ஷூ பாருங்கள்.

லிஃப்ட் வலியைக் குறைக்கும், நாணைப் பலப்படுத்தாது. அதற்குப் பயிற்சிதான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி விளிம்பில் இரு காலாலும் எம்பி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலை இறக்க வேண்டும். முட்டியை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கி இன்னும் மூன்று சுற்று. தினமும் இருவேளை, 12 வாரம். புடைப்பு உள்ளவர்கள் படியில் செய்யவே கூடாது. சமதரையில் எம்பி இறங்கினால் போதும், கீழே தொங்கவிட்டால் நாண் எலும்பில் அழுந்தி வலி கூடிவிடும். பயிற்சியின்போது பத்துக்கு ஐந்து வரை வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் அடங்க வேண்டும். பயிற்சி முடியும்வரை நடைக்கு ஏரியைச் சுற்றியுள்ள 5 கி.மீ. சாலையே நல்லது.

மூன்று மாதத்தில் குறையாவிட்டால் ஷாக்வேவ் சிகிச்சையை (நாணில் ஒலி அலைகளைச் செலுத்துவது) யோசிக்கலாம். வாரம் ஒருமுறை, குறைந்தது மூன்று தடவை. மலையிறங்கிப் போகிறவர்கள் பயணச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பி.ஆர்.பி. ஊசிக்கு (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தட்டணுக்களைப் போடுவது) பணம் கொட்ட வேண்டாம். ஆய்வுகளில் அது போலி ஊசியை மிஞ்சவில்லை. நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி வேண்டவே வேண்டாம், அறுந்துபோகும் அபாயம் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளாலும், குறிப்பாக 60 வயது தாண்டியவர்களுக்கு, அதே ஆபத்து இருப்பதால், நாண் வலி இருப்பதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'பட்'டென்று சத்தம் கேட்டு முன்பாதத்தில் எம்ப முடியாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

உள்கணுக்கால் பக்கம் வலித்துப் பாதத்தின் வளைவும் தட்டையாகிக்கொண்டே வந்தால் அது வேறு நாண். அதற்கு வளைவைத் தாங்கும் இன்சோல் வேண்டும், எலும்பு டாக்டரும் பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் நனைந்த லிஃப்டை அடுப்போரம், ஹீட்டரருகே காய வைத்தால் சுருங்கிவிடும், காற்றாட விடுங்கள். கட்டைவிரலால் அழுத்தி, குழி எழும்பாவிட்டால் புதுசு வாங்க வேண்டியதுதான்.