பத்து வருஷமாக ஒரே டிஷ்

டிஷ் மாட்டிப் பத்து வருஷம் ஆகிறது. இதற்குள் டிவி ஒருமுறை மாறிவிட்டது, செட்டாப் பாக்ஸ் இரண்டு முறை. மாடியில் நிற்கும் தட்டு மட்டும் அதேதான்.

மழை வந்தால் படம் போகுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். போகும். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து பத்திரமாக இறங்கி வரும் அலை, கடைசிச் சில கிலோமீட்டரில் மழைத்துளிகளிடம் மாட்டிக்கொள்கிறது. வீட்டு டிஷ்ஷுக்கு வரும் கேயு பேண்ட் (Ku) என்ற அலைக்கற்றையின் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் சொச்சம்தான். கனமழை அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். பெரிய டிஷ்களுக்கான சி பேண்டின் (C) அலை இதைவிட நீளம், அது அவ்வளவாக அசராது. டிஜிட்டல் என்பதால் படம் மெல்ல மங்குவதும் இல்லை. கட்டம் கட்டமாக உடையும், உறையும், பிறகு கறுப்புத் திரை. பெருமழையில் பத்து, இருபது நிமிஷம் போவது சகஜம். தூறலுக்கே போனால் டிஷ் திசை விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அதை எப்படிப் பார்ப்பது என்று தெரிய எனக்கு நாலு வருஷம் ஆனது. பாக்ஸ் மெனுவில் சிக்னல் அளவு, சிக்னல் தரம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். அளவு 80 காட்டுகிறதே என்று நிம்மதியாக இருந்தேன். வேண்டாத அலைகளின் வெறும் இரைச்சலையும் சேர்த்துக் காட்டும் கோடு அது. பார்க்க வேண்டியது தரத்தை.

இன்னொரு நாள் சேனல்களில் பாதி மட்டும் காணாமல் போயின. பாக்ஸிலிருந்து எல்என்பிக்கு, அதாவது டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு அலையை வாங்கும் கருவிக்கு, 13 அல்லது 18 வோல்ட் போகும். செங்குத்து அலையா, கிடை அலையா என்று அதை வைத்துத்தான் எல்என்பி தேர்ந்தெடுக்கும். கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்ததால் 18 வோல்ட் போய்ச் சேரவில்லை, கிடை அலையில் வரும் சேனல்கள் போய்விட்டன. கனெக்டரை மாற்றி டேப் சுற்றினேன், அத்தனையும் திரும்பி வந்தன.

மார்ச் மாதத்திலும், செப்டம்பர், அக்டோபர்வாக்கிலும் சில நாட்கள் நல்ல வெயிலிலேயே படம் சில நிமிஷம் போகும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து தன் இரைச்சலை டிஷ்ஷில் கொட்டும் நேரம் அது. தெரியாமல் மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் வந்தபோது படம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

நினைத்த நேரத்தில் நினைத்ததைப் பார்க்க இது உதவாது, அதற்கு இணையம்தான். ஆனால் நேரலை ஆட்டத்துக்கு இதை விடமாட்டேன். வானுக்குப் போய் வர அலைக்குக் கால் வினாடிதான் ஆகிறது. பக்கத்து வீட்டார் இணையத்தில் பார்க்கிறார்கள், அவர்களுக்குக் கோல் விழுவதற்குள் எனக்கு அதன் ரீப்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். கத்தித் தொலைக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.