அல்லியம் கிழங்கு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

அல்லியம் என்பது வெங்காயக் குடும்பத்துப் பூச்செடி. நான் வாங்கியது அதில் குளோப்மாஸ்டர் என்ற ரகம், 24 கிழங்கு. முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியாயிற்று. வந்ததில் ஒன்றுகூடப் பூக்கிற கிழங்கு இல்லை. பணமும் திரும்பாதாம். கடைப் பெயர் வேண்டாம். சமூக ஊடகத்தில் பூப்படம் போட்டு, "எங்கள் பாத்தியிலேயே பிரித்து எடுத்தது" என்று விற்கிற ரகம். அல்லியத்தை எப்படிப் பிரித்து இடம் மாற்றுவது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

நம்ப வைத்ததே அவர்கள் பேச்சுதான். எப்போது தோண்டுவீர்கள் என்றால், "பூ முடிந்து இலை முழுக்கக் காய்ந்த பிறகு. நிழலில் காற்றாட உலர்த்தி, இலையுதிர் காலத்தில் அனுப்புவோம்" என்றார்கள். அச்சுப் பிசகாத பதில்! பூக்கும் அளவா என்றால், கிழங்கைச் சுற்றி அளவுநாடா வைத்த படம் வந்தது. 22 சென்டிமீட்டர். இந்த ரகத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் சுற்றளவு உள்ளதைத்தான் நல்ல பூக்கிழங்கு என்று விற்பார்கள். இதற்கு மேல் என்ன கேட்க முடியும்? பணம் போய்விட்டது.

பார்சல் வந்ததோ வசந்தத்தில். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, பச்சை இலையோடு, வேரெல்லாம் அறுந்து. இலை பச்சையாக நிற்கும்போதுதான் கிழங்கு அடுத்த பூவுக்குச் சத்து சேர்க்கும். அந்த நேரத்தில் பிடுங்கினால் இலை துவண்டு, கிழங்கு சூம்பிப் போகும். முக்கால்வாசி கோலிக்குண்டு அளவுதான், சுற்றளவு ஏழெட்டு சென்டிமீட்டர். அதெல்லாம் பக்கக் கிழங்குகள். நட்டாலும் பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும்.

பெரிதாக இருந்த சில, கத்தியால் பாதியாக அறுத்தவை. இதற்குப் பெயர் பிரிப்பதா? தாய்க்கிழங்கை ஒட்டித் தானாக விலகி நிற்பதைக் கையால் நெகிழ்த்தி எடுக்க வேண்டும். வேர் கிளம்பும் அடித்தட்டு ஒவ்வொன்றிலும் முழுசாக இருக்க வேண்டும். அதை அறுத்தால் வெட்டுவாய் வழியாக அழுகல் ஏறும். தப்பினாலும் பொடிக் கிழங்குகளாகத்தான் கிளைக்கும், பூ வராது.

இரண்டின் அடியில் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை, அதில் பொடிக் கருப்புப் புள்ளிகள். வெள்ளை அழுகல் நோய். மண்ணில் இறங்கினால் பல வருடம் போகாது, வெங்காயம், பூண்டு எதையும் விடாது. காசு கொடுத்து நோயை வாங்கியதாயிற்று.

புகார் சொன்னதும் முதல் பதில்: "அல்லியத்துக்கு இலை மஞ்சளாவது இயல்பு." பூக்கும் சமயத்திலும் அதற்குப் பிறகும் இயல்பு. பார்சலில் வரும்போதேவா? அடுத்து, "உங்கள் மண்ணில் தண்ணீர் தேங்குகிறது." கிழங்கு இன்னும் மண்ணையே பார்க்கவில்லை ஐயா! 24 கிழங்குக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பெரிய மனசு பண்ணினார்கள்: "குளோப்மாஸ்டர் விதை இலவசமாக அனுப்புகிறோம்." அது விதையே கட்டாத கலப்பின மலட்டு ரகம்! நான் இதைச் சொன்னதோடு என் தொலைபேசி எண்ணை முடக்கிவிட்டார்கள். 24 கிழங்கின் பணம், முழுசாக, போயே போச்சு.

பிரித்து இடம் மாற்றுவதை விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்.

பச்சை இலையோடு வந்தால் வாங்காதீர்கள். அளவுநாடா படம் கேட்டால், உங்கள் ஆர்டர் எண்ணை எழுதிய சீட்டும் அதே படத்தில் இருக்கட்டும். அடித்தட்டை அழுத்துங்கள், அமுங்கினால் திருப்பி அனுப்புங்கள். மேல்தோலில் மட்டும் லேசான நீலப்பூசணம் என்றால் துடைத்துவிட்டு நடலாம். குளோப்மாஸ்டர் விதை என்று எவர் விற்றாலும் ஏமாற்று. பர்ப்பிள் சென்சேஷன் என்ற இன்னொரு அல்லிய ரகத்தின் விதை முளைக்கும், ஆனால் நிறம் மாறும், பூக்கச் சில வருடம் பிடிக்கும். நடும் ஆழம் கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு, இடைவெளி 20 முதல் 30 சென்டிமீட்டர், நல்ல வெயில், தண்ணீர் வடியும் மண். வெள்ளை அழுகல் கண்ட கிழங்கை உரக்குழியில் போடாதீர்கள், பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள்.