திருகோணமலை முற்றத்துக்கு ஹைட்ரேஞ்சியாவா, செவ்வரத்தையா?

நுவரெலியாவுக்குப் போய்வருவோர் ஹைட்ரேஞ்சியாப் பூச்சாடி ஒன்றை வாங்கி வருவது வழக்கம். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. முற்றத்தில் ஒரு செடிக்கே இடம் இருந்ததால், அதையும் செவ்வரத்தையையும் ஒப்பிட்டுப் பார்த்துச் செவ்வரத்தையையே நட்டேன்.

அழகில் ஹைட்ரேஞ்சியாவே முந்தும்; வாரக்கணக்கில் நிற்கும் அந்தப் பூங்கொத்துக்கு ஒரே நாளில் சுருங்கும் செவ்வரத்தைப் பூ ஈடாகாது. கச்சான் வீசும் மாதங்களில் அகன்ற இலைகள் நண்பகலில் துவண்டுவிடும் என்றாலும், நிழலும் இருவேளை நீரும் கிடைத்தால் செடி பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் பிழைப்பது வேறு, பூப்பது வேறு. ஜப்பான், கொரியா மலைக்காடுகளில் வளரும் ஹைட்ரேஞ்சியா செராட்டாவும், கடைகளில் கிடைக்கும் அதன் நெருங்கிய உறவான பெருங்கொத்து இனமும் பொதுவாக முந்தைய ஆண்டில் வளர்ந்த தண்டிலேயே மொட்டுக் கட்டுபவை. அந்த மொட்டு உருவாவதற்குச் சுமார் 6 வாரங்களுக்கு 18 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர் வேண்டும். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கு இது இயல்பாகவே அமைகிறது. நம் கடற்கரையிலோ மார்கழி இரவுகள்கூட அவ்வளவு குளிர்வதில்லை. ஆகவே மலையில் கட்டிய மொட்டுகள் விரிந்து முடிந்தபின், எவ்வளவு உரமிட்டாலும் இலைச்செடியே மிஞ்சுகிறது. வடிவத்துக்காகக் கிளையை நறுக்கினால், இருக்கக்கூடிய மொட்டும் அதோடு போய்விடும். செவ்வரத்தை இதற்கு நேர்மாறானது: புதுத்தளிரில் பூப்பதால் வெட்ட வெட்டக் கிளைத்து, ஆண்டு முழுவதும் பூசைக்குப் பூத் தருகிறது, முற்றிய தடியொன்றைக் கதியால்போல ஊன்றினாலே வேர்விட்டுவிடும்.

செவ்வரத்தைக்கும் தொல்லை உண்டு. வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டும் பூச்சி குருத்தைச் சுருட்டிவிடும். பிரெட்றிக் கோட்டைப் பக்கமிருந்து நகருக்குள் உலாவும் புள்ளிமான்களுக்கும் தெரு ஆடுகளுக்கும் அதன் தளிர் மிகவும் பிடிக்கும் என்பதால் வேலி இல்லாத முற்றத்தில் அதை நடுவது வீண்.

புதுத்தண்டிலும் பூக்கும் ஹைட்ரேஞ்சியா வகைகள் வந்துள்ளன. அவற்றை நான் வளர்த்துப் பார்த்ததில்லை என்பதால் என் தீர்ப்பு பழைய வகைக்கு மட்டுமே பொருந்தும். பரிசாக வந்த சாடியை விறாந்தை நிழலில் வைத்துப் பூ முடியும்வரை பார்த்து மகிழ்ந்துவிட்டு, மலைநாட்டு உறவினர் யாரேனும் வந்தால் அவர்களிடம் கொடுத்தனுப்புவதே அச்செடிக்கு நல்லது.